அம்மா தண்ணீர் குடிக்காத நாட்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் கக்கூஸ் கட்டினோம். சோறு பொங்குகிற வீட்டுக்குள்ளேயா என்று அப்பா முகம் சுளித்தார். கட்டி முடித்த பிறகும் அந்தக் கதவுப் பக்கம் அவர் போகவில்லை.

ஒரு கார்த்திகையில், ஃபிளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாய் இணைப்பில் ஒழுகத் தொடங்கியது. தரை எந்நேரமும் ஈரம். பிளம்பரைத் தேடிப் போனேன். தீபக் கூட்டம் வருவதற்குள் சத்திரங்களில் வேலையை முடிக்க வேண்டும், தீபம் கழிந்துதான் வர முடியும் என்றார். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, நான் வாத்தியார் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

அம்மாவின் உதடு வெடித்தது. பேச்சு குழறியது. மறுபடியும் பக்கவாதமோ என்று பயந்து டாக்டரை அழைத்துவந்தேன்.

"உடம்புல தண்ணியே இல்ல. குடிக்கறாங்களா இல்லையா?" என்றார் அவர்.

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"குடிச்சா அங்க போவணுமே. ஈரத்துல வழுக்கி வுழுந்துட்டா இருக்கற காலும் போயிடும். அப்புறம் என்னை யாரு தூக்கறது?"

கேட்டுக்கொண்டிருந்த அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். புது வாஷரும் ஒரு பிடி சணலும் வாங்கிவந்தார்.

"உங்களுக்கு எதுக்குப்பா? நான் பாக்கறேன்."

"நீ மேல போய் வால்வை மூடு. பம்பு செட்டுல நான் பாக்காத பைப்பா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதன்முறையாக அந்தக் கதவைத் திறந்தார். நட்டு துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, பல்லைக் கடித்துத் திருகினார். பழைய வாஷர் கையோடு உதிர்ந்து வந்தது. குழாயின் மரையில் சணலைச் சுற்றி, புதியதைப் போட்டு முடுக்கினார். நான் மேலே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தேன். இணைப்பில் ஒரு சொட்டு திரண்டது. இன்னும் கொஞ்சம் முடுக்கினார். பிறகு சொட்டவில்லை.

தோள் துண்டால் தரையை அவரே துடைத்தார். வெறுங்காலோடு அங்கும் இங்கும் நடந்தார். அதன் பிறகே அம்மாவிடம் வந்தார்.

"நடந்து பாத்துட்டேன். வழுக்கல. எழுந்து வா."

"நீங்களா உள்ள போனீங்க?" என்று அம்மா அழுதுவிட்டாள். நான் கொடுத்த சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள்.

அம்மா அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை. இருந்தவரை அந்தக் கதவு வரை அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அப்பாதான்.