ரெண்டு தொட்டு, மூணாவது பிடி

சிவப்புத் தொப்பி வைத்த பொத்தான் ஒன்று என்னிடம் இருக்கிறது. புளியங்கொட்டை அளவுதான். என் கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் நடுவில் சிவப்பு வெளுத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமல் வைத்துவிடுகிறார்கள்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஐஸ் கம்பெனி மாடியில் இரண்டு அறை அலுவலகம். கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. அங்கே படகுகளுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். படகு நிற்கும் இடத்தை அது நிமிடத்துக்கு ஒருமுறை தன் மெமரி சிப்பில் எழுதும். எழுதியதில் கடைசி இடத்தை எடுத்துக் கரைக்கு அனுப்பும். அந்தச் சிப்பை வேலை வாங்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவரை இன்ஜினியர் சார் என்போம். சாயர்புரத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும். யோசனை வந்தால் பனங்கற்கண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வார்.

மின்சாரம் சட்டென்று தாழ்ந்தால் சிப்புக்கு ரீசெட் விழும். செய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டு, அப்போதுதான் பிறந்ததுபோல் அது விழிக்கும். தயார் என்று அது சொல்லும்வரை டிரைவர் பொறுத்திருந்து, பாதியில் நின்றதை மறுபடியும் எழுதக் கொடுக்க வேண்டும். "அது எழுதிட்டேன்னு சொன்னாத்தான் யக்கா எழுதின கணக்கு. நாமளா நெனச்சுக்கிடக் கூடாது" என்பார் சார். பெட்டி எழுதும்போது ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டு, பச்சை விளக்கு மறுபடி மினுக்குகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மினுக்கினால் சிப் எழுதுகிறது என்று கணக்கு. என்னை உட்காரவைத்தார். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவேன். ஒருநாளும் எண்ணிக்கை தப்பியதில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த மேசைக்கு வந்தபோது எனக்கு இருந்த நிமிர்வைச் சொல்லி முடியாது.

ஒரு மத்தியானம் தும்மல் வந்து, அமுக்கிய விரல் உடனே இன்னொரு தரம் அமுக்கிவிட்டது. மினுக்க வேண்டிய விளக்கு அசையாமல் எரிந்தது. வேண்டுமென்றே இன்னும் சில தரம் அப்படிச் செய்து பார்த்தேன். சிலநேரம் சரியாக வந்தது, சிலநேரம் அப்படியே நின்றது. சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் இரண்டு தரம் அமுக்கினார், ஒழுங்காக மினுக்கியது.

"யாரு யக்கா இப்படி அடுத்தடுத்து அமுக்கப் போறா? நீங்க ஒரு வாட்டி அமுக்கிட்டுப் பாருங்க, போதும்."

பக்கத்து மேசைக்காரன் திரும்பாமலே, "அக்காவுக்கு விரல் நடுங்க ஆரம்பிச்சிட்டு சார், அடுத்து பெட்டியவே ரிப்பேருன்னுவாவ" என்றான். சாரும் சிரித்துவிட்டார்.

யார் அமுக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கரையில் பழைய எஞ்சினை யாரும் ஒரே அமுக்கில் கிளப்ப மாட்டார்கள். ஸ்டார்ட்டரை இரண்டு தரம் சும்மா தொட்டுவிட்டு, மூன்றாவதில்தான் அமுக்கிப் பிடிப்பார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை அப்படித்தான் செய்தார், என் தம்பியும் அப்படித்தான். தொடுகிற ஒவ்வொரு தரமும் படகு விளக்கு மங்கும். பெட்டிக்கும் அதே பேட்டரிதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் நின்றது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று புளியங்கொட்டையை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

பெட்டி படகுகளுக்குப் போயிற்று. தம்பி படகுக்கும் ஒன்று. சில மாதம் கழித்து ஒருநாள் கடலுக்குப் போன அவன் படகு திரும்பவில்லை. அலுவலகத் திரையில் தம்பியின் புள்ளி ஒரே இடத்தில் நின்றது. "எஞ்சின் நின்னு நங்கூரம் போட்டுக் கெடக்கான், பயப்படாதீங்க" என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டு, மறுநாள் நிதானமாகத்தான் தேடக் கிளம்பினார்கள். புள்ளி காட்டிய இடத்தில் வெறும் கடல்தான் இருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நங்கூரத்தில் கிடந்தாலும் படகு சுற்றிச் சுற்றி ஆடும்.

"புள்ளி ஆடவே இல்லியே சார்" என்றேன்.

சார் வாயிலிருந்த கற்கண்டைத் துப்பினார். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. முதல் ரீசெட்டிலிருந்து சிப் எழும் முன்பே இரண்டாவது விழுந்தால், காத்திருந்த எழுத்தையெல்லாம் எழுதியாயிற்று என்று கழித்துவிட்டிருந்தது அவருடைய டிரைவர். அதற்குப் பிறகு சிப் எதையும் எழுதவில்லை. பெட்டி பழைய இடத்தையே புதிதென்று அனுப்பிக்கொண்டிருந்தது. படகோ நீரோட்டத்தில் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

நான்காம் நாள் கண்டுபிடித்தார்கள். கூடப் போனவன் உயிரோடு இருந்தான். தம்பிக்கு உயிர் இல்லை. குடிதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. "அண்ணாச்சி ரெண்டு தொட்டு மூணாவது பிடிச்சாவ, எஞ்சின் எடுக்கல" என்றான் அவன். "பெட்டியில பச்ச லைட்டு எரியுதுலே, கரையில தெரியும், வந்துருவாவன்னு கடைசி வரைக்கும் சொன்னாவ."

அடக்கம் முடிந்த மறுநாள் சார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நீங்க சொன்னீங்க, நான் கேக்கல" என்றார். பிறகு, "அன்னைக்கு வேற எதாச்சும் தோணிச்சாக்கா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன்.

டிரைவரை அவர் மாற்றி எழுதினார். எத்தனை ரீசெட் அடுத்தடுத்து விழுந்தாலும் முதலிலிருந்து எழுப்பி, சிப் தானே சொல்லாத எதையும் எழுதியதாகக் கொள்ளாதபடி செய்தார். இரண்டு தொட்டு மூன்றாவதைப் பிடித்து, நான்தான் வாரக்கணக்கில் சோதித்தேன். அந்த நாட்களில் அவர் கற்கண்டு தின்று நான் பார்க்கவில்லை. பெட்டி ஒருதரம்கூடத் தவறாத அன்று, மேசையிலிருந்து பொத்தானைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். பழி முழுவதையும் தன் தலையில் தூக்கிக்கொண்டு போனார். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

இப்போதும் சாயங்காலம் துறைமுகம் வரை நடந்துபோவேன். கட்டிக் கிடக்கும் படகுகளில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து பொத்தானைக் கையில் எடுத்தால், விரல் தானாக இரண்டு தொட்டு மூன்றாவதைப் பிடிக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது சார். நீங்கள் கேட்டபோதும் நான் சொல்லவில்லை.