கவினுக்குக் குரல் உடைந்த கோடை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எதிர்வீட்டு மல்லிகா காலிங் பெல்லை விடாமல் அழுத்தினாள். கதவைத் திறந்தால், கண் இரண்டும் சிவந்துபோய் நிற்கிறாள்.

"அக்கா... கவினு பேசவே மாட்டேங்கறானுங்க. எதைக் கேட்டாலும் போன்ல டைப் பண்ணிக் காட்டறான்!"

பதினைந்து வயதுப் பையன் வீட்டில் பேசாமல் இருப்பது ஒரு செய்தியா? பல வீடுகளில் அதுதானே நடைமுறை! ஆனால் கவின் அப்படிப்பட்டவன் இல்லை. எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பான். பால் பாக்கெட் வாங்கப் போனாலும் ஓர் ஆலாபனையோடுதான் போவான்.

மல்லிகா இங்கே ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களையெல்லாம் ஒற்றை ஆளாகச் சமாளிப்பவள். ஒரே மகனிடம் தோற்றுப்போய் நின்றாள். அவள் கணவர் சிவகுமார், வீட்டின் கீழ்த்தளத்திலேயே நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நாள் முழுக்க ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு மேலே பாடித்தான் கவின் வளர்ந்தான்.

பத்தாவது முடித்தவனுக்கு ஒரே ஆசை. ப்ளஸ் ஒன்னில் இசையை ஒரு பாடமாக எடுத்துப் படிக்க வேண்டும். கோவையில் ஒரு பள்ளியில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். தியரியில் ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து பாட வேண்டும். சீட் கொஞ்சம்தான்.

சிவகுமாருக்கு இதில் இஷ்டமே இல்லை.

"காமர்ஸ் எடுத்தான்னா நாளைக்கு நம்ம கம்பெனியப் பாத்துக்குவான். பாட்டுப் படிச்சு என்னங்க்கா பண்றது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

மல்லிகா மல்லுக்கட்டி ஒரு சமாதானத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். தேர்வில் தேறினால் இசை. தேறாவிட்டால் காமர்ஸ். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்த நேரத்தில்தான் பல்லடத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. சாப்பிட்டு முடித்த கூட்டம் கவினைப் பாடச் சொல்லியிருக்கிறது. அவனும் சந்தோஷமாக ஆரம்பித்திருக்கிறான். மேல் ஸ்தாயிக்குப் போன இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து கீச்சென்றது. மறுபடி முயன்றான்... மறுபடியும் கீச். கூடமே சிரித்தது. சித்தப்பா ஒருவர் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள்.

அதில் ஒன்று, அப்பா போட்டது!

அன்றைக்கு மூடிய வாய்தான்.

தொண்டையில் கோளாறோ என்று மல்லிகா மிளகுப்பால் கொடுத்துப் பார்த்தாள். பனங்கற்கண்டு கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஒண்ணுமே இல்லீங்கம்மா. பையன் பெரிய ஆளாகறான். அவ்வளவுதான்."

நாடகக்காரர்கள் இதைத்தான் மகரக்கட்டு என்பார்கள். பையன் குரல் போய் ஆண் குரல் வருகிற பருவம். எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான். ஆனால், மாசக்கணக்கில் தயார் செய்துவிட்டு, தேர்வு நெருங்கும்போது வந்து நின்றால்?

பாட்டு டீச்சர் அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போயிருந்தார். போனில், "குரலுக்கு ரெஸ்ட் குடு கண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமா? அதற்குள் காமர்ஸில் பாதிக் கிணறு தாண்டியிருப்பானே! மல்லிகா பள்ளிக்கு போன் செய்து தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாதாம்.

"அவனை உங்க ஊட்டுல உட்கார வெச்சுக்கறீங்களாக்கா? தியரியாச்சும் சத்தமில்லாம படிக்கட்டும்" என்றாள் என்னிடம்.

அப்படித்தான் கவின் தினமும் மத்தியானம் என் வீட்டு டைனிங் டேபிளுக்கு வந்தான். வருவான், படிப்பான், போவான். காபி வேண்டுமா என்றால் தலையாட்டுவான். தியரி என்றால் அவனுக்குக் கசப்பு. பாடத் தெரிந்தவனுக்கு ராகப் பட்டியல் எதற்கு என்று முன்பெல்லாம் என்னிடம் புலம்புவான். இப்போது அவனிடம் மிச்சம் இருந்தது அந்தப் பட்டியல் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் நான் சமையலறையில் இருந்தேன். திடீரென்று ஒரு கூப்பாடு.

"பெரிம்மா!"

ஒரே வார்த்தையில் இரண்டு குரல். பாதி தவில், பாதி நாயனம். நான் கரண்டியோடு ஓடிவந்தேன்.

"மேல் சட்ஜத்துக்கே போவாத ராகமெல்லாம் இருக்குதுங்க பெரிம்மா! இங்க பாருங்க..."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். பொதுவாக ராகங்கள் 'ச'வில் தொடங்கி ஏறி, மேலே உள்ள 'ச'வைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். இவனுக்குக் குரல் உடைவது அந்த மேல் மாடியில்தான். ஆனால் சில ராகங்கள் மாடிப்படியே ஏறுவதில்லை. நவரோஜ் என்று ஒன்று. கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது கீழே உள்ள 'ப'வில் தொடங்கி நடுப் பஞ்சமம்வரை போய், அப்படியே திரும்பிவிடும்.

"புதுசா வந்திருக்கற குரலுக்குக் கீழதானுங்க இடம் நெறைய இருக்குது" என்றான். கண்கள் பளபளத்தன.

எத்தனை பேருக்கு இது தோன்றும்? போனதையே நினைத்து உட்கார்ந்திருக்காமல், இருப்பது எவ்வளவு என்று பார்க்க?

போனில் சுருதி ஆப்பைப் போட்டு, சுருதியை நன்றாக இறக்கி வைத்துக்கொண்டு அன்றே ஆரம்பித்தான். முதலில் கரகரவென்றுதான் இருந்தது. நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளேயே இருந்துகொண்டேன். யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

தேர்வு நாளன்று மல்லிகாவுக்கு ஷிப்மென்ட் நெருக்கடி. லீவு கிடைக்கவில்லை. சிவகுமார் கார் ஓட்ட, நான் துணைக்குப் போனேன். "போறதுக்குப் போறோம், மதியமே வந்தரலாம்" என்றார் அவர். அதாவது, எப்படியும் தேறப்போவதில்லை என்று அர்த்தம்.

எழுத்துத் தேர்வு முடிந்து, கவின் பாட உள்ளே போனான். வராந்தாவில் மற்ற பெற்றோர்களோடு வரிசையாகக் காத்திருந்தோம். ஜன்னல் திறந்திருந்தது.

கவின் அந்த நவரோஜைப் பாடத் தொடங்கினான். அவசரமே இல்லாத, தணிந்த குரல். எனக்கே அது புதிதாக இருந்தது. சிவகுமார் போனை நோண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மகன் இப்படிப் பாடி அவர் கேட்டதே இல்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மாடிப்படி ஏறாமலேயே... கீச்!

எங்களுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். சிவகுமார் எழுந்தேவிட்டார்.

"ஏனுங்க, இதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது? வயசுப் பையன், குரல் உடையுது. உங்களுக்கு உடையலீங்களா?"

உள்ளே, விட்ட இடத்திலிருந்தே கவின் தொடர்ந்தான்.

பாடி முடித்ததும் ஒரு டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. "இந்த ராகம் யாருப்பா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லீங் மேடம். புஸ்தகத்துல இருந்துச்சுங்க. குரல் மேல போவ மாட்டேங்குது... அதனால போற எடத்துலயே பாடலாம்னு எடுத்துக்கிட்டனுங்க."

திரும்பி வரும் வழியில், அவிநாசி தாண்டும்போது சிவகுமார் சாலையைப் பார்த்துக்கொண்டே மகனிடம் சொன்னார்:

"சாமி... குரூப்புல நான் அந்தச் சிரிப்பைப் போட்டிருக்கக் கூடாது."

"பரவால்லீங்ப்பா" என்றான் கவின். 'பரவா' கீழே, 'லீங்ப்பா' மேலே. காரில் யாரும் சிரிக்கவில்லை.

போன வாரம் முடிவு வந்தது. சீட் கிடைத்துவிட்டது! குரல் ஒரு நிலைக்கு வரும்வரை அதிகம் பாட வேண்டாம், கூடவே வயலினும் பழகு என்று சொல்லியிருக்கிறார்களாம். வயலின் எங்கே நன்றாக இருக்கும் என்று சிவகுமார் என்னிடம் விசாரித்தார். எனக்கு என்ன தெரியும்? அவரே நாலு கடை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பதினைந்து வயது இருக்கிறதா? வாயைத் திறந்தால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கீச்சிடுவது குரல்தான்... சொல்ல வந்த விஷயம் இல்லை!