கோட்டைத் தேவாலயத்தில் தலைக்கணக்கு

லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் என்னோடு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் செய்யும் மிஹாயெலா, ருமேனியாவிலுள்ள தன் கிராமமான ரோசந்தாலையும் அங்குள்ள கோட்டைத் தேவாலயத்தையும் பற்றி இரண்டு வருடமாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். மே மாத பாங்க் ஹொலிடேக்கு நானும் கணவரும் புறப்பட்டோம்.

"இஞ்சரும், கோட்டைக்குள்ளை தேவாலயம் யாழ்ப்பாணத்திலையே இருந்ததுதானே, இதுக்கு ஏன் பிளேன்?" என்று கணவர் முனகினார். இருந்ததுதான், சண்டையில் தரைமட்டமானது. அதனாலேயே எனக்கு இதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை காலை 6.40க்கு லூட்டனில் விமானம். போகவர ஒருவருக்கு 94 பவுண்ஸ். சிபியூ விமான நிலையத்திலிருந்து 58 கிலோமீட்டர் டாக்சி, 50 பவுண்ஸ். ஓட்டுநர் யோன் லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் ஆறு வருடம் கட்டட வேலை செய்தவர். அங்கே மட்டன் ரோல்ஸ் இன்னும் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரித்தார்.

படையெடுப்புகளுக்கு அஞ்சி ஜெர்மன் குடியேறிகள் கட்டிய தேவாலயம் அது. சுற்றிலும் பெரிய மதில், நான்கு கோபுரங்கள். ஒரு கோபுரத்தில் ஊராரின் பன்றி இறைச்சியைத் தொங்கவிட்டுப் பாதுகாத்தார்களாம். அவர்களின் வம்சத்தில் இப்போது ஊரில் இருப்பது மூன்றே பேர். மற்றவர்கள் ருமேனியர், ஹங்கேரியர், ரோமா மக்கள்.

ஞாயிறு 10.30க்கு, மொழிபெயர்க்க யோனையும் கூட்டிக்கொண்டு போனபோது, அந்த மூவரில் ஒருவரான ஹன்னா தேவாலயக் கதவின் திறப்பும் கையுமாகப் பதறி நின்றார். காரணத்தை யோன் விளக்கினார். நகரத்திலிருந்து மாதமொருமுறை போதகர் வருகிறார். இன்று பதினைந்து பேர் சேராவிட்டால் இனி வரமாட்டார். வழக்கமாக வேற்றுச் சபை அயலவர்கள் வந்து வாங்கு இருக்கைகளை நிரப்பிவிடுவார்கள். இன்று ஹங்கேரியக் குடும்பம் கலியாணத்துக்குப் போய்விட்டது. ஹன்னாவோடு பன்னிரண்டு பேர்தான்.

நாங்கள் இருவரும் பழக்கதோஷத்தில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கல்தரை ஐஸாகக் குளிர்ந்தது. பெண்கள் பக்கம் நானும் ஆண்கள் பக்கம் அவருமாக, யாரும் சொல்லாமலே பிரிந்து இருந்தோம். அங்கும் அதுதான் முறையாம். ஹன்னா தன் சால்வையை என் காலடியில் விரித்தார். அப்போதும் ஒருவர் குறைவு. யோன் அடுத்த சவாரியை போனில் ரத்துச் செய்துவிட்டு வந்து அமர்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் எண்ணிக்கொண்டே வந்து எங்கள் காலுறைகளைப் பார்த்து நின்றார். எந்தச் சபையென்று யோன் மூலம் கேட்டார்.

"சைவமெண்டு சொல்லட்டோ?" கணவர் என்னைப் பார்த்தார்.

"ஓம், உள்ளதைச் சொல்லுங்கோ."

சொன்னார். போதகர் சற்று யோசித்தார். பிறகு குறிப்பேட்டில் பதினைந்து என்று எழுதினார். ஹன்னா அழுதுவிட்டார். கணவர் நல்லூர்த் தேரிழுத்தவர்போல நிமிர்ந்து நடந்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. எங்கள் கோட்டைத் தேவாலயத்துக்கு எங்களால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. இங்கே இரண்டு தலை உதவியது.

போகிறவர்களுக்கு: தங்குமிடம் மிஹாயெலாவின் தாயார் வீட்டில், காலை உணவோடு 30 பவுண்ஸ். தடித்த காலுறை கொண்டுபோங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பார்த்துப் போங்கள். படம் பிறகு எடுக்கலாம். பதினொரு மணிக்கு முன் வாங்கில் போய் இருங்கள், போதகர் எண்ணுவார்.