வள்ளத்துக்குப் பாதி

என் போனில் ஒரு ரிஜிபோம் மூடியின் படம் இருக்கிறது. ஐஸில் மீன் அடுக்கும் வெள்ளை நுரைப் பெட்டியின் மூடி. ஒரு மூலை உடைந்திருக்கும், ஓரத்தில் செதில் ஒட்டியிருக்கும், நடுவில் கறுப்பு மார்க்கரால் ஒரு கணக்குச் செய்திருக்கும். ஈரக் கையால் எழுதியதால் எழுத்துகள் அங்கங்கே வழுக்கிப் போயிருக்கின்றன. அறுபது, அதில் பாதி, மிச்சத்தை நாலாகப் பிரித்தது, கடைசியில் ஏழரை. அந்த ஏழரைக்குக் கீழே இரண்டு கோடு அழுத்தி இழுத்திருக்கிறார், நம்பாதவர்களுக்காக. நம்பாதவள் நான்தான். போன் நிறைந்துபோகும் போதெல்லாம் மற்றப் படங்களையெல்லாம் அழிக்கிறேன், இதில் மட்டும் கை வைப்பதில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும் நாட்களில் காரணமில்லாமல் இதைத் திறந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டு மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். ஓரிடத்தில் ஆற அமர இருப்பது என் பிறவிக் குணத்தில் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு அது இன்னும் மோசம்.

இதை எழுதியவரை ஊரில் சம்மாட்டி என்பார்கள். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். பெரிய சம்மாட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஃபைபர் வள்ளம், அடிக்கடி இருமுகிற ஒரு இஞ்சின், கூட வருகிற மூன்று பேர், அவ்வளவுதான் அவருடைய சாம்ராச்சியம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது அவர் ஆறாம் வகுப்புப் பிள்ளை. அகதி முகாம், பிறகு கூலிக்கு வலை இழுப்பு, பிறகு கடல். படிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவருடைய மகள் கற்பிட்டிப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் என்னிடம் கணிதம் படித்தாள். நான் புத்தளம் டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். கணக்கில் பிழை கண்டால் பொறுக்கமாட்டாத டீச்சர் என்று பிள்ளைகளுக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை மறுக்கப் போவதில்லை.

நோய்க்காலத்தில் பாடசாலைகளை மூடியபோது நானும் எங்கள் தமிழ் டீச்சரும் இணையத்தில் இலவசப் பாடங்களைத் தேடித் திரிந்தோம். தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. நல்லவைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம் என்று வேறு பெயரில் இருந்தது. கணக்குகளில் பிள்ளைகள் ஆப்பிள் வாங்கினார்கள், காணாத நகரங்களுக்கு ரயிலில் போனார்கள். ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் பெயர்த்துத் தந்தவற்றை வாசித்தால் எனக்கே தலை சுற்றியது. கடைசியில், நாங்களே செய்துவிடுவோம் என்று இறங்கினோம். அவள் வாசிப்புப் பகுதிகளும் மொழிப் பயிற்சிகளும் எழுதினாள், நான் கணக்குகள் எழுதினேன். என் கணக்குகளில் உப்பளப் பாத்திகள் வந்தன, வெங்காயத் தோட்டங்கள் வந்தன, முந்தல் இறால் குளங்கள் வந்தன, சிலாபம் பஸ் வந்தது. எல்லாவற்றையும் இலவசப் பக்கம் ஒன்றில் போட்டு, பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பினோம். விடைகளை இயந்திரமே திருத்தும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. எத்தனை பிள்ளைகள் பங்குபற்றினார்கள் என்று மேலிடம் நாள்தோறும் அறிக்கை கேட்டதால் மதியத்தோடு லிங்க் மூடிவிடும். அந்த மதியக் கணக்கு வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஒருநாள் விகிதத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தேன். வள்ளத்தில் போன நால்வர் அறுபது கிலோ மீனைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும். சம்மாட்டியின் மகளிடமிருந்து ஏழரை என்று விடை வந்து சிவப்பு விழுந்திருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரி. எனக்குப் பொறுக்கவில்லை, பின்னேரம் அழைத்தேன்.

"நான் செய்யல்ல டீச்சர்," என்றாள், அழுகிற குரலில். "போன் விடிய முந்தியே கடலுக்குப் போயிரும். வாப்பா செஞ்சு அனுப்பியிருக்காரு."

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அது இல்லாமல் கடலுக்குப் போக அவளுடைய உம்மா விடமாட்டார். இஞ்சின் நின்றால் வேறு வள்ளத்தை எப்படிக் கூப்பிடுவது? இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய தென்னந்தோட்டத்து வீட்டில் கதைக்க மட்டும்தான் சிக்னல் இருந்தது, பாடம் திறக்காது, கடலில் நன்றாகத் திறந்தது. வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் என் பாடம் சம்மாட்டியின் கையில் வந்து விழுந்தது. விடை போகாவிட்டால் மகளின் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, மனிதர் தானே செய்து அனுப்பிவிட்டார். போனை வாங்கி என்னோடு கதைத்தபோது அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"பிழையா டீச்சர்?"

"பிழைதான். பதினைஞ்சு வரோணும்."

"பதினஞ்சா? அப்ப வள்ளத்துக்கு?"

நான் என் கேள்வியைத் திறந்து மறுபடி வாசித்தேன்.

"வலைக்கு? இஞ்சின் என்ன நோன்பு பிடிக்கிறதா? வள்ளத்துக்குப் பாதிய எடுத்து வெச்சிட்டுத்தானே ஆளுக்குப் பிரிக்கோணும்? இது தெரியாம ஆரு டீச்சர் அந்தக் கேள்விய எழுதின?"

எழுதியவளிடமே கேட்டார். எங்கள் கரையில் இந்தப் பங்கு முறையை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். வள்ளமும் வலையும் இஞ்சினும் சேர்ந்து பாதி. மிச்சப் பாதி, போன ஆட்களுக்குச் சமமாக. சம்மாட்டி தானும் கடலுக்குப் போனால் அவருக்கும் ஒரு ஆள் பங்கு. பரீட்சையில் அப்படி எழுத முடியாது, கேள்வியில் சமமாக என்று இருக்கிறது என்றேன். சமமாகத்தான் பிரித்தேன், வள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு என்றார். நான் கேள்வியை மாற்றவில்லை, அவர் விடையை மாற்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வாய்க்கொழுப்பு.

மகளுடைய பாடத்தில் தலையிடாமல் இருக்கட்டும் என்று அவருக்குத் தனியாக ஒரு லிங்க் கொடுத்தேன். பகிடிக்குத்தான் கொடுத்தேன், மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். பெயர் எழுதும் இடத்தில் "வாப்பா" என்று எழுதினார். தமிழ் டீச்சரின் வாசிப்புப் பகுதிகளுக்குக் கேட்டதைவிட நீளமாக விடை எழுதி, அவளைத் திணறடித்தார். கணிதத்தில் சிவப்பாய்க் கொட்டியது. தசமப் புள்ளி அவருக்குப் பிடித்த இடத்தில் விழும். அட்சரகணிதம் தொடங்கியபோது குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் இஞ்சின் சத்தம், நடுவில் அவருடைய முறைப்பாடு: "ஆரெண்டே தெரியாத ஆளுக்கு எக்ஸ் எண்டு பேர் வெச்சிட்டு, பொறகு என்னையே தேடச் சொன்னா எப்பிடி டீச்சர்?" வீட்டில் தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். அந்த நாட்களில் சிரிப்பு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை.

மகள் பதினோராம் தரத்தில், சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் அது. மீட்டல் வகுப்பை நான் நேரலையில் வைத்தேன். அது ஒருமுறை போனால் போனதுதான். முதல் வகுப்புகள் இரண்டையும் அவள் தவறவிட்டாள். மூன்றாவதற்கு வந்தாள், கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிக்கு வெளியே சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்துகொண்டு. போன் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "வாப்பா வெச்சிட்டுப் போயிட்டாரு," என்றாள். யன்னலுக்கு வெளியே கச்சான் தென்னோலைகளை அடித்துக்கொண்டிருந்தது.

செய்கை வழியைப் பார்ப்பதற்காகப் பிள்ளைகளைக் கமராவைப் போடச் சொல்வது என் வழக்கம். அதனால் அவளுக்குப் பின்னால் இருந்த கடலும் எனக்குத் தெரிந்தது. விகிதங்களை விளங்கப்படுத்திக்கொண்டே இருக்கிறேன், கண் அந்தச் சின்னச் சதுரத்தை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு வள்ளமாகக் கரைக்கு வந்தது. ஆட்கள் கூடி இழுத்து ஏற்றினார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெண்கள் சிலர் வந்து நின்றார்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவர்களில் ஒருவர் அவளுடைய உம்மா என்று பிறகு அறிந்தேன். எனக்குக் கணக்கு வாயில் வரவில்லை. "பாடம் போதும், நீங்க போங்க மகள்," என்றேன்.

"இல்ல டீச்சர்," என்றாள். "'பாடத்த முழுசா செஞ்சியா எண்டு நான் வந்து கேப்பன்' எண்டு சொல்லிட்டுத்தான் வாப்பா போனாரு."

மிச்சக் கணக்குகளை எப்படிச் செய்து முடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. முடித்தவுடன் அவளுடைய சதுரம் இருண்டது. அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஊரடங்கு. டவுனிலிருந்து வெளியே ஒரு அடி வைக்க முடியாது. குட்டி போட்ட பூனைபோல வீட்டுக்குள் நடந்தேன். பாண் துண்டொன்றைத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் மூடினேன். தொழுகையில் நின்றேன், எத்தனை ரக்அத் தொழுதேன் என்று மறந்துவிட்டது. ஒரு போனை இரண்டு இடத்தில் இருக்கச் சொன்ன இந்தப் பாடத்திட்டத்தின் மீது, மதியத்தோடு கதவைச் சாத்துகிற அந்த ஏற்பாட்டின் மீது, எல்லாவற்றின் மீதும் ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு யாருக்கு என்ன?

வெயில் சாயும்போது போன் கிணுகிணுத்தது. செய்தி இல்லை, ஒரு படம் மட்டும். ரிஜிபோம் மூடி. முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஏழரையைக் கண்டேன். கதிரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரலே வந்தது, தொண்டை கட்டி, பின்னால் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கதைக்கும் சத்தத்தோடு.

"இஞ்சின் நிண்டுட்டு டீச்சர். காத்து வெளிய இழுத்துட்டுப் போச்சு. அல்லாஹ்ட காவல், பெரிய வள்ளம் ஒண்டு கண்டு கட்டி இழுத்து வந்தாங்க. அது வரைக்கும் சும்மா இருக்கப் பயமா இருந்திச்சு. அந்தக் கணக்கத் திரும்பச் செஞ்சு பாத்தன். ஏழரைதான் டீச்சர். மகள் பாடத்த முடிச்சாளா?"

ஓம் என்றேன். முழுசா முடிச்சாள் என்றேன்.

அடுத்த நாளே மதியப் பூட்டைக் கழற்றி எறிந்தேன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எதுவும் மூடுவதில்லை. முன்பதிவு இல்லை, கடவுச்சொல் இல்லை, நேரம் இல்லை. நேரலை வகுப்புகளைப் பதிந்து, சிறிதாக்கி, அங்கேயே போட்டேன். அறிக்கை கேட்டவர்களுக்குத் தலையாட்டிவிட்டு என் பாட்டில் இருந்தேன். இப்போது சிலர் வந்து, இப்படித் திறந்து போட்டால் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள் என்று புத்தி சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்த மூடியைக் காட்டுவதில்லை. காட்டினால் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும்.

மகள் பரீட்சையில் கணிதத்தில் சாதாரண சித்திதான், வெறும் தேர்ச்சிதான் எடுத்தாள். நான் எதிர்பார்த்தது அதைவிடக் கூட, அவளும்தான். ஆனாலும் உயர்தரம் படிக்க டவுனுக்கு வந்தாள், வர்த்தகம் எடுத்தாள். என் பக்கத்தை அவள் இப்போது திறப்பதில்லை. திறக்கத்தான் வேண்டுமா என்ன? நாடு கடனில் மூழ்கி, மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்த அந்த வருடம் சம்மாட்டியை முறித்துவிட்டது. வெறும் எண்ணெய்க் கானோடு வரிசையில் நின்று நின்று, கடைசியில் வள்ளத்தையும் இஞ்சினையும் விற்றார். வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் பாடசாலைக்கு வந்து, என் வகுப்பில் பிள்ளைகளின் கதிரை ஒன்றில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். கடலை விட்டுத் தள்ளி அவரை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எழும்பும்போது, "அந்த லிங்க மூடிடாதீங்க டீச்சர்," என்றார். மூடமாட்டேன் என்றேன். அதன் பிறகு "வாப்பா" என்ற பெயரில் ஒன்றும் வரவில்லை. வேலைத்தளத்தில் எட்டுப் பேர் ஒரு அறையில் இருக்கிறார்களாம், மகள் சொன்னாள். அங்கே கணக்குச் செய்ய எங்கே இடம் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். ஆனாலும் வந்த விடைகளைப் பார்க்கும்போதெல்லாம் பெயர்களின் வரிசையில் கண் அதைத்தான் தேடும்.

இன்று காலை பள்ளிக்கூட லீவு. காற்று எழும்பியிருந்தது, எனக்கு வழக்கம்போல் இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். பெயர்: வாப்பா. தரம்: பதினொன்று. அந்தப் பழைய கேள்வி, அறுபது கிலோ, நால்வர். ஏழரை என்றுதான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே பார்த்தேன். பதினைந்து என்று இருந்தது. கீழே கருத்து எழுதும் இடத்தில், அவர் பேசுகிற மாதிரியே, இரண்டு வரி.

"இங்க எங்களுக்கு வள்ளமும் இல்ல, வலையும் இல்ல டீச்சர். நீங்க சொன்னதுதான் சரி, ஆளுக்குப் பதினஞ்சு."

தேத்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. மூடியின் படத்தைத் திறந்தேன். உடைந்த மூலை, செதில், ஏழரைக்குக் கீழே அந்த இரண்டு கோடு. மறுபடி பக்கத்துக்குப் போனேன். இயந்திரம் அவருடைய பதினைந்துக்குப் பச்சையில் ஒரு சரி போட்டிருந்தது. அந்தக் கேள்விக்கு அவர் என்னிடம் வாங்கிய முதல் சரி. அதை அழிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.