ஜெயில் வாசலில் ஒரு முடிச்சு நூல்

என் கணவர் மறியலில் கைதாகி ஜெயிலில் இருக்கிறார். மாதம் ஒரு முறைதான் பார்க்க விடுவார்கள். சில மாதங்களுக்கு முன் தறியில் புடவைக் கரை தப்பிக்கொண்டே இருந்தது. கரைக்கு எத்தனை இழை என்பதை எங்கள் வீட்டில் எழுதி வைப்பதில்லை. ஒரு நூலில் முடிச்சுப் போட்டு வைப்போம். அவரிடம் காட்டிக் கேட்கலாமென்று அந்த நூலை முந்தானையில் முடிந்துகொண்டு, எடப்பாடியில், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி பஸ் ஏறினேன். வழியில் இரண்டு இடத்தில் பஸ் நின்றுவிட்டது.

வாசலில் சோதனை போட்ட வார்டர் முடிச்சுகளை எண்ணினார். "ஏழு, அப்புறம் மூணு. ஏழாந்தேதி மூணு மணிக்கு என்ன நடக்கப் போவுது?"

"கரைக் கணக்குங்க சாமி" என்றேன். அவர் நம்பவில்லை. நூல் உள்ளே போயிற்று. என்னை வெயிலில் உட்கார வைத்தார்கள். என்னையும் உள்ளே போட்டுவிட்டால் தறியை யார் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் கழித்து இன்னொரு வார்டர் நூலோடு வந்தார். நெசவு வீட்டுப் பிள்ளையாம். "ஏழுக்கு அப்புறம் மூணு வராதுங்கம்மா, அஞ்சு வரோணும். அதான் தப்புது. பாக்குற நேரம் முடிஞ்சு போச்சு, ஊட்டுக்குப் போங்க" என்றார்.

கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்தது. என் கணவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் சேலையில் ஒட்டிய பிசிறு நூலைக்கூடப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அதற்கு அடுத்த மாதம் பார்த்தபோது, என் கணவர் தறியைப் பற்றி விசாரித்துவிட்டு, "கரை சரியா வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்க" என்றேன். சரியான கணக்கை யார் சொன்னது என்று சொல்லவில்லை. சொன்னவர்தான் எங்களுக்கு நடுவில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தார்.