குளம் இருந்தால் கோயில்

ஃப்ரீமான்ட்டிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பியதும் பவளம் மடிக்கணினியைத் திறந்து காட்டை அழிக்க ஆரம்பித்துவிடுவார். அழிப்பது கம்போடியக் காட்டை. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த படம் அது. மரங்களைக் குறிக்கும் புள்ளிகளை நீக்கினால் அடியில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கெமர் ஊரின் மேடும் பள்ளமும் தெரியும். சன்னிவேல் வருவதற்குள் ஒரு ஊராவது மொட்டையாகிவிடும்.

"இன்னைக்கு எத்தன ஏக்கர் கிளியர் பண்ணீங்க?" என்பார் பக்கத்து இருக்கை ராஜலக்ஷ்மி.

"டிஸ்டர்ப் பண்ணாதீங்க, அகழி ஓடுது" என்பார் பவளம், தலையைத் தூக்காமல்.

ஆபீஸிலும் லேசர்தான், ஓட்டுநர் இல்லாத காருக்கு. அங்கே மரத்தில் மோதக் கூடாது. இங்கே மரமே கூடாது. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்காகத் தானாக விரும்பிச் செய்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் கெமர் அரசர்களை வரிசையாக ஒப்பிப்பார். நாத்தனார் பிள்ளைகளின் பெயர்தான் தடுமாறும்.

போன வருஷம் மானம் போயிற்று. சதுரக் குளத்தைக் கண்ட இடமெல்லாம் பக்கத்து மேட்டைக் கோயில் என்று குறித்துத் தள்ளியிருந்தார், மொத்தம் இருநூற்றுப் பத்து. அந்த ஊர்களில் வீடுகளுக்கே குளம் வெட்டிக்கொண்டார்கள் என்று குழுவின் தலைவி பொறுமையாக எழுதியிருந்தார்.

"தெப்பக்குளம் பாத்தே வளந்த கண்ணு. குளம் இருந்தா கோயில்னு மண்டைல ஃபிக்ஸ் ஆயிடுச்சு" என்றார் பவளம், ராஜலக்ஷ்மியிடம். வெட்கம் தாங்கவில்லை. இரண்டு நாள் பஸ்ஸில் சும்மா வந்தார். மூன்றாம் நாள், முதல் மேட்டிலிருந்து திரும்பப் பார்க்க உட்கார்ந்தார். அகழி சூழ்ந்த முப்பதை மட்டும் கோயிலாக விட்டார். மற்ற நூற்றெண்பதும் வீடு.

வீடென்று மாற்றியதில் ஒரு மேட்டை மழை ஓய்ந்ததும் தோண்டிப் பார்ப்பதாகக் குழு தகவல் அனுப்பியது. மறுபடியும் தப்பென்றால் அவருடைய எட்டு மாத உழைப்பு முழுவதும் வரைபடத்திலிருந்து போய்விடும். "போனா போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு தரம் மெயிலைப் பார்த்தார்.

போன செவ்வாய்க்கிழமை, ஃப்ரீவேயில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, கைப்பேசியில் படம் வந்தது. சிற்பம் இல்லை, கோயில் கல் இல்லை. அடுப்புச் சாம்பலும் உடைந்த சட்டியின் அடிப்பாகமும்தான். கூடவே இரண்டே வரி: வீடுதான். அடுத்த ஊரை அனுப்புகிறோம்.

ராஜலக்ஷ்மி எட்டிப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றார்.

பவளத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். சட்டியின் அடியில் கரி அப்பியிருந்தது. கட்டைவிரலால் திரையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.