குகை எருமைக்குக் கால் நிமிர்த்திய கதை

1. சுவர்

சித்திர வாத்தியாராகச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லும்போது சின்னப் பொய்தான். பிறகு அது முப்பதடி நீளத்துக்கு வளர்ந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய காலம். குருக்கள்மடத்துக்கும் களுதாவளைக்கும் இடையில், வாவிக் கரையோரம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அதன் மனேஜர் நிறைய வயல் வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தையும் வயல் மாதிரித்தான் நடத்துவார். இன்று விதைத்தால் நாளை வந்து கதிர் எங்கே என்று கேட்பார்.

கொழும்பிலிருந்து வந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். குகை மனிதர் கீறிய மிருகங்களில் தொடங்கி, எகிப்து, கிரேக்கம், நம் பொலன்னறுவைச் சிலைகள், சோழர் காலத்துச் செப்பு விக்கிரகங்கள், ஐரோப்பியரின் பழைய கோயில் ஓவியங்கள் என்று வரிசையாக அதில் இருந்தன.

"தம்பி, இதெல்லாம் உனக்குக் கீறத் தெரியுமா?"

"ஓம் ஐயா. நல்லாத் தெரியும்."

அதுவரை நான் செய்திருந்தது, கூத்தாடுவோர் தலையில் வைக்கும் முடிகளுக்கு வர்ணம் பூசியதும் கோயில் திரைச்சேலையில் முருகனும் மயிலும் எழுதியதும்தான்.

"அப்ப, மண்டபத்துச் சுவர் முழுக்கக் கீறு. மூணு மாசத்தில இன்ஸ்பெக்டர் வாறார். அவர் பள்ளிக்கூடத்துக் குறிப்பேடு, அந்த லொக் புத்தகத்தில நல்லா எழுதினா உனக்கு வேலை நிரந்தரம். இல்லாட்டி நான் ஒண்டும் செய்ய ஏலாது."

இல்லாவிட்டால் அப்பாவோடு வயல் வட்டையில் இறங்கி ஏர் பிடிக்க வேண்டும். நான் ஏர் பிடித்தால் மாடே நின்று திரும்பிப் பார்க்கும். அதனால் அந்த வேலையை விட்டுவிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

2. திருத்தங்கள்

புத்தகத்துப் படங்கள் தீப்பெட்டி அளவுதான். பென்சிலால் படத்தின் மேல் சின்னக் கட்டம் போட்டு, சுவரில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்குவோம். இந்தத் தொழிலில் மூளைக்கு வேலை குறைவு. எனக்கு அது வசதியாக இருந்தது.

முதல் படம் ஸ்பெயின் தேசத்துக் குகை எருமை. கீழே இங்கிலீஷில் 'பாய்ந்தோடும் காட்டெருமை' என்று போட்டிருந்தது. கரியால் கோடு இழுத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். நாலு காலும் வயிற்றுக்கடியில் மடங்கி, தலை குனிந்து, முதுகு கூடை மாதிரி வளைந்து கிடந்தது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அது ஓடவில்லை.

அந்த நேரம் பூமணி அக்கா தயிர்ச் சட்டிகளோடு வந்தார். வாவிக் கரையில் அவருக்கு ஓர் எருமைப் பட்டி இருந்தது. மனேஜர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் தயிர் கொடுப்பார்.

"ஐயோ பாவம்" என்றார் சுவரைப் பார்த்து. "நோவெடுத்துக் கிடக்குது."

"என்னக்கா?"

"கண்டுக்குட்டி போடப் போகுது. தெரியல்லையா?"

"அக்கா, இது பாய்ந்தோடுற எருமை. புத்தகத்தில எழுதிக் கிடக்கு."

"புத்தகம் எழுதினவர் எருமை வளத்தவரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. தயிர் விற்கிறவர் எனக்குச் சித்திரம் சொல்லித் தருவதா? இருந்து யோசித்தேன். தவறு என்னுடையதில்லை, கீறிய குகை மனிதனுடையது என்று முடிவுக்கு வந்தேன். பாவம், அந்தக் காலத்து ஆள், காலெல்லாம் கீற எங்கே படித்திருப்பான்? கரியை அழித்தேன். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்காலைப் பின்னால் நீட்டி, வாலையும் தூக்கிவிட்டேன். எருமை நன்றாக ஓடியது.

திருத்துவதில் ஒரு ருசி இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் கை சும்மா இருக்காது. எகிப்துக்காரர் முகத்தைப் பக்கவாட்டிலும் தோளை நேராகவும் கீறியிருந்தார்கள். தோளையும் திருப்பிவிட்டேன். ஐரோப்பியக் கோயில் படத்தில் ஒரு மகான் வீட்டைவிடப் பெரிதாக நின்றார். அவரை நல்ல அளவான ஆளாக்கி வாசலுக்குள் நுழையும்படி செய்தேன். கிரேக்க வாலிபன் உடுப்பில்லாமல் நின்றதைக் கண்டு மனேஜர் பதறினார். அவனுக்குக் காத்தான்குடி நெசவுச் சாரம் ஒன்றை உடுத்திவிட்டேன். கட்டம் போட்ட பச்சைச் சாரம். அது நன்றாகவே பொருந்தியது என்று இப்போதும் சொல்வேன்.

எருமையைத் திருத்திய மறுநாள் பூமணி அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு எருமையைப் பார்த்தார்.

"நேத்து நோவெடுத்த எருமை இண்டைக்கு எங்க ஓடுது மாஸ்டர் தம்பி? மருத்துவிச்சியைத் தேடியா?"



3. இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். மனேஜர் அவருக்குச் சுவரைக் காட்டி, "எல்லாம் எங்கட மாஸ்டர்ர கைவேலை" என்றார். இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்தார். ஒரு படம் பார்ப்பார், பிறகு சுவரைப் பார்ப்பார்.

"இந்த எருமையின்ர காலை ஆர் நிமித்தினது?"

"நான்தான் ஐயா."

"ஏன்?"

"பழைய ஆக்களுக்குக் கால் கீற வராது ஐயா. அதுதான் திருத்தினன்."

"இந்தத் தோள்?"

"அதுவும் ஐயா."

"இந்தப் பெரியவரை ஏன் குள்ளமாக்கினனீர்?"

"வாசலுக்குள்ள போகமாட்டார் ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆயிரக்கணக்கான வருஷமா உலகத்தில ஒருத்தருக்கும் சித்திரம் வரேல்லை. உமக்கு மட்டும் வந்திட்டுது. என்ன?"

பேனையைத் திறந்து லொக் புத்தகத்தை விரித்தார். மனேஜர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். வட்டையின் சேறு என் முழங்கால் வரை ஏறிவிட்டது போல இருந்தது.

இன்ஸ்பெக்டரின் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தயிர் கொண்டுவந்த பூமணி அக்கா வாசலில் நின்றார்.

"ஐயா, முதல் அவர் சரியாத்தான் கீறினவர். நான் பாத்தனான். மறுகாத்தான் ஓட வெச்சார்."

"சரியெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட பட்டியில ஒண்டு இப்ப அப்பிடித்தான் கிடக்கு. ஒள்ளுப்ப நேரம் வந்து பாருங்களன்."

4. பட்டி

இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். அப்படி ஓர் இன்ஸ்பெக்டரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

எருமை கரையில் கிடந்தது. நாலு காலும் மடங்கி, தலை குனிந்து, முதுகு வளைந்து. அவர் புத்தகத்தைத் திறந்து அதன் பக்கத்தில் பிடித்தார். கொம்பின் சரிவுகூட மாறவில்லை.

"கண்டு போட்டுதோ, சும்மா புரண்டுதோ, எனக்குத் தெரியாது" என்றார் புத்தகத்தை மூடிக்கொண்டே. "ஆனா அந்த மனிசன் பாத்துத்தான் கீறியிருக்கிறான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. காடு மேடெல்லாம் அலைந்து, பயந்து, பதுங்கி நின்று பார்த்தவன் ஒருவன். அவன் கீறியதை, ஓர் எருமையைக்கூட நின்று பார்க்காத நான் திருத்தியிருக்கிறேன். எகிப்துக்காரனும் இரண்டு தோளையும் காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிக் கீறியிருப்பான். மகானைப் பெரிதாக எழுதியவனைக் குறை சொன்ன நான், எங்கள் திரைச்சேலையில் முருகனைப் பனையை விடப் பெரிதாக எழுதியவன்தானே.

இன்ஸ்பெக்டர் ஒரு பழைய படிவத்தை வெற்றுப் பக்கமாகத் திருப்பி, பென்சிலோடு நீட்டினார். "கீறும். கட்டம் வேண்டாம்."

மூன்று தரம் பிழையாக வந்தது. நாலாம் தரம் பூமணி அக்கா எட்டிப் பார்த்து, "முதுகு சரி. வால் இன்னம் பொய்" என்றார். வாலைப் பார்த்துத் திரும்பக் கீறினேன். அதற்குள் கன்று நிலத்தில் கிடந்தது. தயிர் மண்டபத்தில் கிடந்தது. எவருக்கும் சாப்பாட்டு ஞாபகம் இல்லை.

லொக் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் எழுதியதை மனேஜர் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். "சித்திர ஆசிரியருக்குக் கை உண்டு. கண்ணைத் தயிர்க்காரியிடம் பழகட்டும். சுவரைப் பழைய ஆட்கள் கீறியபடியே மாற்றினால் வேலை நிரந்தரம்."

ஒரு மாதம் விடிய எழும்பிப் பட்டிக்குப் போனேன். பிறகு சுவர் முழுக்கத் திரும்பக் கீறினேன். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து கையெழுத்துப் போட்டார். சாரத்தை மட்டும் மனேஜர் கழற்ற விடவில்லை.

முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தேன். இப்போது சேரும் வாத்தியார்மாருக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளையின் படம் கோணலாக இருந்தால் ரப்பரை எடுக்காதீர்கள். இதை எங்கே பார்த்தாய் என்று முதலில் கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஒரு பிள்ளை கழுத்து ஒடிந்து, வாய் திறந்து, காலை அகட்டிக் கிடக்கும் ஒரு மனிதனைக் கீறியிருந்தது. பழைய பழக்கத்தில் கை ரப்பருக்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதை எங்க பார்த்த, புள்ள?" என்று கேட்டேன்.

"மத்தியானம் உங்கட கதிரையில, மாஸ்டர்."

நன்றாகப் பார்த்தேன். ஒரு கோடும் பிழையில்லை. பத்துக்குப் பத்துப் போட்டேன்.